நான் நிரப்பிய கட்டங்கள்

அன்பு மகனுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன். நீதான் எழுதுவதில்லையே. இங்கே நலமா என்று நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கண்ணில் புரை, அதைவிட அதிகமாக உன்மேல் கோபம், மற்றபடி சுகம். தீபாவளி முடிந்து நீ மெட்ராஸுக்குக் கிளம்பியதிலிருந்து மூன்று கார்டு போட்டுவிட்டேன். முதல் கார்டில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டேன். இரண்டாவதில் தை மாதத்துக்கு லீவு சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். மூன்றாவதில் நான் எழுதியது தபால்காரன் கண்ணில் படத் தகுந்ததில்லை என்று உன் அம்மா சொல்கிறாள். மூன்றுக்கும் ஒரு வரி பதில் இல்லை. கல்லைப் போட்டால் பாழுங்கிணறுகூட ஒரு சத்தம் கொடுக்கும். நீ அந்த மெட்ராஸ் கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து ஊரான் கடிதத்தையெல்லாம் டைப் அடிக்கிறாய், பெற்றவனுக்கு ஒரு கார்டு எழுத உனக்குக் கை வரவில்லை.

இப்படித் திட்டிக்கொண்டே நாலு பக்கம் எழுதிவிடுவேன், அது உனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை. உன் கல்யாணப் பத்திரிகையை நேற்று நானே அச்சுக்கோத்து முடித்துவிட்டேன். முப்பது வருஷமாகச் சிவகாசியில் ஊரார் வீட்டுப் பத்திரிகையெல்லாம் கோத்தவன், சொந்த மகன் பத்திரிகையை இன்னொருவன் கையில் கொடுப்பேனா? உன் பேரையும் செண்பகத்தின் பேரையும் பெரிய எழுத்தில் வைத்து, ஒரு தாளில் மாதிரி எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. “அவன் பதில் போட்டானா?” என்றாள். போடவில்லை என்றேன். “அப்ப எதுக்கு அச்சுக்குக் குடுக்கீக?” என்றாள். தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். ஏனென்றால் இதே கேள்வியை இதே இடத்தில் உட்கார்ந்து அவள் முன்னொரு தடவை கேட்டிருக்கிறாள். அன்றைக்கு நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

அந்தக் கதையை உனக்குச் சொல்ல வேண்டும். யாருக்கும் சொல்லாதது. உன் அம்மாவுக்கே பாதிதான் தெரியும்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. நீ ஐந்தாம் வகுப்பு. விருதுநகர் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கனகவல்லி என்று ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். தனி ஆள், வீட்டில் வயதான அம்மாவைத் தவிர வேறு துணை கிடையாது. சித்திரை மாதத்து வெயிலில் பஸ் ஏறி எங்கள் அச்சகத்துக்கு வந்தார். பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்னப் பாட்டாகத் தானே கட்டி, ச ரி க ம என்று சுரம் எழுதி, கீழே பாட்டு வரியும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பாட்டு வகுப்பு எதற்கு, அந்த நேரத்தில் தையல் சொல்லிக்கொடுக்கலாமே என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம். முறையாக ஒரு புத்தகம் இருந்து, அதைப் பார்த்துப் பிள்ளைகள் பாடுவதை மேலிடத்தார் கேட்டுவிட்டால் வகுப்பு நிலைத்துவிடும், இல்லாவிட்டால் வகுப்பும் போகும் தன் வேலையும் போகும் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளிக்குச் சித்திரையில் வெடி லேபிள் ஆர்டர் ஏதும் இல்லை. மிஷின் சும்மா கிடப்பதற்கு இதாவது ஓடட்டும் என்று வாங்கி என் தலையில் கட்டினார்.

அவர் எழுதிக்கொண்டு வந்தது கட்டம் போட்ட கணக்கு நோட்டில். இதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம், கேட்டுக்கொள். பாவம், கையில் கிடைத்த நோட்டில் எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று வைத்திருந்தார். நடுநடுவே கட்டங்கள் காலியாகக் கிடந்தன. சிலர் கையெழுத்து அப்படி, இடம் விட்டு விட்டு எழுதுவார்கள், அதைச் சரிசெய்வதுதானே அச்சுக்கோப்பவன் வேலை? நான் சரிசெய்தேன். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி விட்டு, வரியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். என் வலது ஓரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நூல் பிடித்துக் கட்டிய சுவர். இந்தச் சிவகாசியில் அந்த ஓரத்துக்காகவே என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு. டீச்சர் வந்து மாதிரித் தாளைப் பார்த்தார். பாராட்டுவார் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கோபப்படாமல்தான் பேசினார். கோத்த எழுத்தை அடுக்கி வைக்கும் கல்மேடை மேல் விரலால் தாளம் தட்டி, கட்டம் கட்டமாகப் பாடிக் காட்டினார். ஒரு தட்டுக்கு ஒரு கட்டம். எழுத்து ஒல்லியோ தடியோ, அதற்குக் கட்டம் ஒன்றுதான். கட்டம் காலியாக இருந்தால் முந்தின சுரத்தையே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். “அண்ணாச்சி, இது காலி இல்லை. இங்கன பாட்டு நடந்துக்கிட்டுதான் இருக்கு. அடுத்த எழுத்தை இன்னும் சொல்லலை, அம்புட்டுதான்” என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரே அளவு இடைவெளி விட்டிருக்கிறேனே, இதைவிடச் சீராக எவன் விடுவான் என்று கேட்டேன். இடைவெளி சீராக இருந்து பிரயோஜனம் இல்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் கொடுக்கிற இடம் சீராக இருக்க வேண்டும் என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று அரைமணி நேரம் வாதாடினேன். இரண்டும் ஒன்றில்லை. நீ டைப் அடிக்கிறவன், உனக்கு உடனே விளங்கும். உன் மிஷினில் எந்த எழுத்தைத் தட்டினாலும் ஒரே அளவுதான் நகரும் என்று நீயே ஒருமுறை சொன்னாய். ஈய எழுத்து அப்படியில்லை. ‘ப’ ஒடுங்கி நிற்கும், ‘நி’ காலை அகட்டிக்கொண்டு நிற்கும்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த ஒன்றரை மாதம் நான் பட்ட பாட்டை நாய்கூடப் படாது. அச்சுக்கோப்பில் காலி இடம் என்பது தானாக வராது, தெரியுமா? எழுத்து எப்படி ஈயமோ அப்படி எழுத்தில்லாத இடமும் ஈயம்தான். ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் மொட்டை ஈயக்கட்டை ஒன்றைக் கையால் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு ‘ப’வுக்கும் இரண்டு பக்கமும் சன்னக் கட்டை, அதாவது தகடு மாதிரி மெல்லிய ஈயத் துண்டு, செருகி ‘நி’ அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கீழே பாட்டு வரியில் ‘முருகா’ என்று வந்தால், மு ஒரு கட்டத்தின் கீழ், ரு அடுத்த கட்டத்தின் கீழ், கா அதற்கடுத்து. மேலே சரியாக வந்தால் கீழே நகர்ந்துவிடும், கீழே இழுத்தால் மேலே புடைக்கும். பாதியில் சன்னக் கட்டை தீர்ந்துபோயிற்று. வெடி லேபிள் அட்டையைக் கத்தரித்துச் செருகினேன். அட்டை ஈரத்தில் ஊதிக்கொண்டது. ஒரு பக்கம் முழுக்கக் கோத்து, கயிறு கட்டி, தூக்கும்போது நடு வயிறு கழன்று அத்தனை எழுத்தும் தரையில் கொட்டியது. உட்கார்ந்து பொறுக்கினேன். அந்த அம்மாளின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் வைதுகொண்டே பொறுக்கினேன். ஆனாலும் முதல் பாதிப் புத்தகம் அச்சாகி வந்தபோது டீச்சர் அதை வைத்துப் பாடினார். எழுத்தின் கீழ் எழுத்து நின்றது. “இதேதான் அண்ணாச்சி” என்றார். எனக்கு அது போதவில்லை. அவருக்குச் சரியாக இருந்தது, என் கண்ணுக்கு அசிங்கமாக இருந்தது.

ஏன் அசிங்கம் என்றால், பாட்டின் வரிகள் பெரும்பாலும் இழுத்து நிறுத்தித்தான் முடியும். கடைசிச் சுரத்துக்குப் பிறகு மூன்று கட்டம், நான்கு கட்டம் காலி. பக்கம் பூராவும் வலது ஓரம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. பக்கத்து அச்சகத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, கண்ணு தெரியலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அது எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. அந்தச் சமயத்தில் டீச்சரின் அம்மாவுக்கு உடம்பு மோசமாகி, இரண்டு பேரும் திருநெல்வேலியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இங்கே ஆடி பிறந்து சீசன் தொடங்கிவிட்டது. தாயில்பட்டியிலிருந்தும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்தும் வெடி லேபிள் ஆர்டர் வந்து குவிந்தது. முதலாளி என் பின்னாலேயே நின்று பாட்டுப் புத்தகத்தை முடி, மிஷினை விடு என்றார். பின்பாதியைக் கோத்தேன். எல்லாக் கட்டமும் ஒழுங்காகத்தான் வைத்தேன், வரியின் கடைசியில் வந்தவற்றைத் தவிர. அந்தக் காலிக் கட்டங்களை எடுத்துவிட்டு, மற்ற எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்து, கடைசி எழுத்தை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். சுவர் மறுபடியும் நேரானது. கடைசியில் காலியாகக் கிடப்பதால் யாருக்கு என்ன லாபம் என்பது என் கணக்கு.

மாதிரித் தாளை அவருக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரம் ஆயிற்று, பதில் இல்லை. எட்டாம் நாள் இன்னொரு மாதிரித் தாளோடு வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். உன் அம்மா அதைப் பார்த்து, முதல்ல இங்கன எடம் விட்டிருந்துச்சே, இப்ப ஏன் நெரப்பிட்டீக என்றாள். உனக்கு என்ன தெரியும் என்றேன். “அவுக பதில் போட்டாகளா?” என்றாள். தப்பு இருந்தால் போட்டிருக்க மாட்டார்களா, மௌனம் சம்மதம் என்றேன். “ஒரு கார்டு எழுதிக் கேட்டுட்டு அச்சுக்குக் குடுங்க” என்றாள். அன்று சாயங்காலமே மிஷினில் ஏற்றிவிட்டேன்.

அந்த வாரம்தான் டீச்சரின் அம்மா இறந்துபோயிருந்தார். என் தபால் உறை பிரிக்காமலே அண்ணன் வீட்டு அலமாரியில் கிடந்திருக்கிறது. இது எனக்குப் பின்னால்தான் தெரியும். தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே, அந்த எட்டு நாளும் எனக்கு என் சுவர்தான் பெரிதாக இருந்தது.

புரட்டாசியில் பள்ளிக்கூட விழா. மூன்று பள்ளிப் பிள்ளைகள் அவரவர் பள்ளியில் பழகிவந்து ஒரே பாட்டைச் சேர்ந்து பாட ஏற்பாடு. பாட்டு புத்தகத்தின் பின்பாதியில் இருந்தது. டீச்சரின் பிள்ளைகள் அவர் வாயிலிருந்து கற்றவர்கள், அவர்களுக்குப் புத்தகத்தைத் திறக்கும் அவசியமே வரவில்லை. மற்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் புத்தகத்தைப் பார்த்துக் கற்றவர்கள். முதலாளியும் நானும் அழைப்பின்பேரில் போய் முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். முதல் வரி முடியும் இடத்தில் டீச்சரின் பிள்ளைகள் சுரத்தை இழுத்து நின்றார்கள். மற்றவர்கள் நிற்கவில்லை, அடுத்த வரிக்குப் பாய்ந்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் தடுமாறி, இரண்டாம் வரியில் மூன்று கூட்டமும் மூன்று இடத்தில். ஒருத்தி பாட்டை நிறுத்திவிட்டு அழுதாள். சபையில் யாரோ சிரித்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த அம்மாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஓரமாக நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்த டீச்சர் கடைசிவரை கையை நிறுத்தவில்லை. ஒருத்தியும் பாடாதபோதும் தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அச்சகத்துக்கு வந்தார். புத்தகத்தை என் முன்னால் விரித்து, வரி முடிவில் விரலை வைத்தார். “நான் பதில் போடலையே அண்ணாச்சி. பதில் வரலைன்னா என்ன அர்த்தம்னு எடுத்துக்கிட்டீக?” அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை, நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். முதலாளியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது. “மூலத்துல எப்படி இருந்துச்சோ அப்படித்தான் கோத்தேன்” என்றேன். அந்த நோட்டைக் காட்டுங்கள் என்றார். வேலை முடிந்த கையெழுத்துத் தாளெல்லாம் கழிவுக் காகிதத்தோடு போய்விட்டது என்றேன். நோட்டு என் முழங்காலுக்கு நேரே, எழுத்துப் பெட்டிக்குக் கீழே இருந்த இழுப்பறையில் கிடந்தது. டீச்சர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புத்தகமே பிழை என்று பள்ளிக்கூடத்தில் முடிவாயிற்று. அடுத்த ஆனியில் அந்த வகுப்பில் தையல் மிஷின் வந்துவிட்டது. நான் மனசு வந்து தேடிப்போனபோது இரண்டு வருஷம் கழிந்திருந்தது. டீச்சர் எந்த ஊருக்குப் போனார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணன் வீட்டு விலாசத்துக்கு எழுதினேன், கடிதம் திரும்பி வந்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது பெண் பார்க்கப் போனோமே, அச்சங்குளத்தில் செண்பகம் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவள் அப்பா, கரிசலில் பருத்தி போட்டுக் கை வெடித்த மனுஷன், என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். “தம்பி, ஒங்களுக்கு எப்படி? மனசுல உள்ளதைச் சொல்லுங்க.” நீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். எவ்வளவு நேரம்? நாலு தட்டுகூட இருக்காது. “அவனுக்கென்ன, பரிபூரண சம்மதம். தை மாசத்துல வச்சுக்கிடுவோம்” என்றேன். நீ டம்ளரைக் கீழே வைத்தாய். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாய். லீவு இன்னும் ஒரு நாள் இருக்கும்போதே கிளம்பிவிட்டாய். கூச்சம், கல்யாணப் பையனுக்கு இதெல்லாம் இருக்கும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷமும் இப்படித்தான். மேலே என்ன செய்யப்போகிறாய் என்று உன் மாமா உன்னைத்தான் கேட்டார், டைப்ரைட்டிங் என்று நான் சொன்னேன். நீ என்ன சொல்ல வாயெடுத்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, என் வாயால் கெட்டவர்கள் எல்லாம் வேறு ஆட்கள்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் அப்பன் என்று இருந்துவிட்டேன், ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்யாணம் யாரோடு நடந்தாலும் சரி, என்றைக்கு நடந்தாலும் சரி, கட்டிக்கொண்டவள் பேசாமல் இருந்தால் அவளுக்காக நீ பேசிவிடாதே. சும்மா இரு. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அவனுக்கு எழுதுறது இருக்கட்டும். அந்தப் பிள்ளையை யாராச்சும் கேட்டீகளா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள். கேட்கவில்லை. செண்பகத்தையும் யாரும் கேட்கவில்லை.

இந்தத் தாளில் ஏன் கட்டம் போட்டிருக்கிறது என்று நீ யோசித்திருப்பாய். இது அந்த நோட்டுதான். பன்னிரண்டு வருஷமாகப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அவர் எழுதாமல் விட்ட தாள்களில்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மிச்சம் இரண்டு தாள் இருந்தது, கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். பத்திரிகையின் மாதிரித் தாளும் உள்ளே இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கவில்லை. கோத்த எழுத்து கயிற்றுக் கட்டோடு பலகையில் கிடக்கிறது, முதலாளி இரண்டு தடவை கேட்டுவிட்டார். சம்மதம் என்றால் சம்மதம் என்று எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது, கயிற்றை அவிழ்த்து எழுத்தைப் பெட்டியில் போட எனக்கு ஒரு மணி நேரம் ஆகாது. வேறு ஏதாவது சொல்ல இருந்தால் அதற்குத்தான் இரண்டு தாள்.

கார்த்திகை முடிகிறவரை பார்ப்பேன். வெறும் தாள் திரும்பி வந்தாலும், அதுவும் வராமல் போனாலும், இந்தத் தடவை அதற்கு நானாக ஒரு அர்த்தம் வைக்க மாட்டேன். உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சாத்தூர் பஸ்ஸில் ஏறி அச்சங்குளம் போவேன். “அன்னைக்குப் பேசினது என் மகன் இல்லை, நான். அவன் இன்னும் பதில் சொல்லலை. ஒங்க பொண்ணையும் ஒரு வார்த்தை கேளுங்க” என்று செண்பகத்தின் அப்பாவிடம் சொல்வேன். சொல்லிவிட்டு, அவர்களாக வாய் திறக்கும்வரை, எம்புட்டு நேரமானாலும், ஒரு வார்த்தை பேசாமல் அங்கேயே நிற்பேன்.

உன் அப்பா